வாய்க்கால் பக்கம் காஞ்சிடுச்சா?

இன்று காலை எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மாதக்கணக்கில் வெடித்துக் கிடந்த மண் முதல் தண்ணீரைக் குடிக்கும்போது எழும் வாசனை சன்னல் வழியே வந்தது. தெருவே போய் வேடிக்கை பார்த்தது. யாரோ பூத் தூவினார்களாம். நான் சன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். எல்லோருக்கும் சந்தோஷம் தரும் அந்த வாசனை ஐம்பது வருடமாக எனக்கு ஆகாது.

நீ இறந்துபோன செய்தி வந்த அன்று, சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துவைத்தேன். வரிசை இல்லாவிட்டால் எனக்கு எதுவும் ஓடாது, தைரியமும் வராது. அந்தத் தாளை ஓர் எழுத்தும் மாற்றாமல் இங்கே பிரதி எடுக்கிறேன்.

1. உன் ஓட்டம்.
2. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய மாலை, மடையடியில் நாங்கள் செய்தது.
3. ஆட்டத்தன்று மூன்றரை மணிக்கு நான் சொல்லாமல் விட்டது.
4. இவை எதுவும் உனக்குக் கடைசிவரை தெரியாது.

முதல் குறிப்புக்கு நான் தேவையே இல்லை. போன வாரம் கோவிந்தராஜ் வீட்டு மாடியில் நம் செட்டு ஆட்கள் ஏழு பேர் கூடினோம். கல்லூரிக் கால்பந்து மைதானத்தில் உனக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களில் மிச்சம் இருப்பவர்கள் அவ்வளவுதான். உன் பெயரில் ஒரு கோப்பை வைக்க வேண்டும் என்பது பேச்சு. பேச்சு எங்கே நடந்தது? எல்லோரும் உன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சடி இருப்பானாடா? அதுவும் தலைமுடியச் சேத்து அளந்தாத்தான்."

"அடிச்ச பந்துக்கு முன்னாடி இவன் போய் நிப்பான்டா. பந்து பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வரும்."

"எதிர் டீம்ல அந்தத் தடியன் பேக் இருந்தான் பாரு, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னான். இவன் அக்குளுக்குக் கீழ பூந்து போயிட்டான். அவன் இன்னும் அங்கயேதான் தேடிக்கிட்டு இருக்கான்."

சிரித்துச் சிரித்து ஒருவருக்கு இருமல் வந்துவிட்டது. உனக்கு 'உள்ளான்' என்று பெயர் வைத்தது தான்தான் என்று கோவிந்தராஜ் மூன்றாவது முறையாகச் சொன்னான். கோடியக்கரைப் பக்கத்துப் பையன், ஈர மண்ணில் குடுகுடுவென்று ஓடும் அந்தச் சின்னப் பறவை போல இருக்கிறான் என்று வைத்ததாம். அது உண்மைதான். அந்தப் பெயரிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை போலிருக்கிறது.

உன் ஓட்டத்தில் அவர்கள் பார்க்காத ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். விடுதியில் என் பக்கத்துக் கட்டில் உன்னுடையது. தூக்கத்திலும் உன் கால் உதறும். ஒருநாள் கேட்டேன், எதற்கு இப்படி உயிரைக் கொடுத்து ஓடுகிறாய் என்று. "எங்கப்பா கடலுக்குப் போனாரு, கட்டுமரம் மட்டும் திரும்பி வந்துச்சு. நான் கடலுக்குப் போகாம இருக்கத்தான்டா ஓடுறேன்" என்றாய். விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தைப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. வேலை கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளும் ஒரு கம்பெனி அணியின் ஆள். உன்னைப் பார்க்கத்தான் வருகிறார். நீ நன்றாக ஆடிவிட்டால் கடல் இல்லை. இது கல்லூரி முழுக்கத் தெரியும்.

நம் மைதானம் பெயருக்குத்தான் மைதானம். ஒரு காலத்தில் எங்கள் தாத்தா கல்லூரிக்கு விட்டுக்கொடுத்த வயல் அது. அதன் கிழக்கு ஓரத்தில் வாய்க்கால். வாய்க்காலிலிருந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்புவதற்கு ஒரு மடை, அதை அடைக்க ஒரு பலகை. மடை அப்போதும் எங்கள் வீட்டுடையதுதான். தை மாதக் கடைசி. அணையை மூடுவதற்கு முன் வரும் கடைசித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் கோவிந்தராஜும் இன்னும் நான்கு பேரும் என்னை அங்கே அழைத்துப் போனார்கள்.

"வெளியூர்க்காரனுங்க ஆணி வச்ச பூட்ஸ் போட்டுக்கிட்டு எரும மாதிரி வர்றானுங்க. சேத்துல விட்டா அப்படியே நிப்பானுங்க. நம்மாளு வெறுங்காலு. உள்ளானுக்குச் சேறுதானடா ஊரு! வாய்க்கால் ஓரமா ஒரு பட்டைக்கு மட்டும் தண்ணிய விடு" என்றான் கோவிந்தராஜ்.

நான் டாஸைப் பற்றிக் கேட்டேன். எந்தப் பக்கம் கிடைக்குமோ தெரியாதே என்றேன். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்பது எனக்கே தெரியும். டாஸ் எப்படி விழுந்தாலும் ஒரு பாதியில் நீ அந்தப் பக்கம் வந்தே ஆக வேண்டும் என்று அவன் சரியாகவே பதில் சொன்னான்.

"உங்க வூட்டு மடை. நீயே தூக்கு. நாங்க தொட்டா உங்கப்பா தோல உரிச்சுடுவாரு."

எங்கள் பக்கத்தில் உள்ளான் பிடிக்கிறவர்கள் அறுத்த வயலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதைச் சுற்றிக் கண்ணி வைப்பார்கள். ஈரத்தைப் பார்த்தால் அது இறங்கும். பலகையில் கை வைத்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தும் தூக்கினேன். வேண்டாம் என்று ஐந்து பேருக்கு முன்னால் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, பிறகு பலகையைப் போட்டேன். எதையும் கணக்காகச் செய்பவன் என்று எனக்கு அப்போதே பெயர்.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. மதியம் போய்ப் பார்த்தபோது வாய்க்கால் ஓரம் வெளுத்துக் கிடந்தது. "எல்லாம் காஞ்சு போச்சேடா, சே!" என்று கோவிந்தராஜ் சலித்துக்கொண்டு போய்விட்டான். அவன் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம், அங்கே செம்மண். எங்கள் களிமண் அவனுக்குத் தெரியாது. நான் குடைக்கம்பியின் நுனியை வைத்து லேசாக அழுத்தினேன். ஒரு சாண் உள்ளே போயிற்று. மேலே அப்பளம் போல ஒரு ஏடு. அடியில் கூழ். அதே மாதிரி ஏட்டில் கால் வைத்துத்தான் எங்கள் வண்டிமாடு ஒன்று காலை ஒடித்துக்கொண்டது. பள்ளிக்கூட வயதில் அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடையை உருவியதும் ஓட்டை தானாக மூடிக்கொண்டது. பார்த்தால் ஒன்றுமே நடக்காத தரை.

அப்போது மணி மூன்றரை. ஆட்டம் நான்கு மணிக்கு.

வேப்பமரத்தடியில் நீ கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாய். சொல்லிவிடுவதென்றுதான் வந்தேன். அதுவரை நடந்த நடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"என்னடா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு? நீயா ஆடப்போறே?" என்றாய்.

"ஒண்ணுமில்ல."

துணியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாய். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாய்: "வாய்க்கால் பக்கம் காஞ்சிடுச்சா?"

நம்மைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். உண்மையைச் சொன்னால் யார் செய்தது என்று கேட்பார்கள். ஆட்டமே நின்றுபோகலாம். எங்கள் வீட்டு மடை.

"மேல காஞ்சிருக்கு" என்றேன்.

"சரி" என்றாய்.

மேலே என்று சொன்னேன் அல்லவா, அது பொய் இல்லையே என்று எத்தனையோ வருடம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஒரு நாளும் ஜெயிக்கவில்லை.

முதல் பாதியில் நீ மறுபக்கம் ஆடினாய். மெட்ராஸ்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இடைவேளைக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தாய். நான் கோட்டுக்கு வெளியே, சரியாக அந்த இடத்துக்கு எதிரில் நின்றேன். ஒவ்வொரு முறை பந்து உன்னிடம் வராமல் போனபோதும் எனக்கு மூச்சு வந்தது. பிறகு பந்து உன்னிடம் வந்தது. நீ கிளம்பினாய். "உள்ளான்! உள்ளான்!" என்று மைதானமே எழுந்து நின்றது. எதிரே வந்த தடியன் ஓரடி வைத்தான், பூட்ஸுக்கு அடியில் தரை அசைந்ததை உணர்ந்து சட்டென்று பின்வாங்கினான். அவன் தப்பித்தான். உன் இடதுகால் ஏட்டை உடைத்துக்கொண்டு கணுக்கால்வரை போய் மாட்டியது. உடம்பு மட்டும் ஓடிக்கொண்டே போனது. பச்சை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். தூரத்தில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. நீ விழுந்த பிறகும் அவர்கள் உன் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தார்கள்.

மெட்ராஸ்காரர் அன்று மாலை ரயிலிலேயே போய்விட்டார். நீ முட்டியில் கட்டோடு ஊருக்குப் போனாய். அடுத்த வருடம் கடலுக்குப் போனாய்.

போன வாரம் மாடியில் அவர்கள் இதையும் பேசினார்கள். அந்தத் தடியன் உன்னை வேண்டுமென்றே உதைத்தான் என்பதுதான் இப்போது கதை. ஏழு பேரில் ஆறு பேர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். "மடையைத் திறந்தோமே" என்றேன். கோவிந்தராஜ் காதில் மாட்டியிருந்த கருவியைச் சரிசெய்துகொண்டு, "எந்த மடைடா?" என்றான். நடிக்கவில்லை, அவனுக்கு உண்மையிலேயே மறந்துவிட்டது. உலகத்தில் அதை நினைவு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று அப்போது நினைத்தேன்.

விபத்துக்குப் பிறகு உன்னை ஒரே ஒரு முறை பார்த்தேன், வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டில். கையில் மீன் கூடை, நடையில் ஒரு இழுப்பு. எனக்கு ஒளிந்துகொள்ளத் தோன்றியது. நீயே வந்து, "தண்ணி வந்துடுச்சா உங்க பக்கம்?" என்று கேட்டுச் சிரித்தாய். நம் ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதானே என்று எடுத்துக்கொண்டேன். வந்துவிட்டது என்றேன். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

நீ போன செய்தியைச் சொன்னவரிடம் நான் முதலில் கேட்டது, "கடல்லயா?" என்று. "இல்ல, வீட்டுலதான், படுக்கையில" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று முன்தினம் உன் வீட்டுக்குப் போனேன். அந்தக் குறிப்புத் தாள் சட்டைப் பையில் இருந்தது. எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதுமே உன் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் மடைக்காரரா?"

பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"உக்காருங்கண்ணே. அவரு சொல்லுவாரு, மடைக்காரன்னு ஒருத்தன் இருக்கான், ஒருநாளு வருவான்னு. ஆட்டத்துக்கு முன்னாடி விடிகாலைல எப்பவும் மைதானத்த வெறுங்காலோட சுத்தி வருவாராமே? அன்னிக்கே பாத்துட்டாராம், தண்ணி நிக்கிறத. பலகை ஈரமா இருந்துச்சாம், உங்க வீட்டு மடையாம்."

"தெரியுமா அவனுக்கு?"

"தெரியாமயா? அதனாலதான் உங்ககிட்டயே கேட்டாராம். 'எங்க கடக்கரைச் சேறுன்னா நான் யாரயும் கேக்க வேணாம். அது அவங்க மண்ணு, அவன் சொன்னா சரியா இருக்கும்'னு நெனச்சாராம்."

கோபமாகப் பேசுவானா என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"கோவமா? அட நீங்க ஒண்ணு. 'கேட்டதுக்குப் பதில் சொன்னான், நான்தான் சரியாக் கேக்கல'ன்னு சொல்லிச் சிரிப்பாரு. முட்டி வலிக்கிற அன்னிக்கு மட்டும் சிரிக்க மாட்டாரு."

கிளம்பும்போது ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்தார். வந்தால் வெறும் கையோடு அனுப்பாதே என்று நீ சொல்லிவைத்திருந்தாயாம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அலமாரியில் இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில் கூட்டம். கணக்காக எழுதுகிறவன் என்று உன்னைப் பற்றிப் படிக்க என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தைத்தான் படிக்கப் போகிறேன்.

நான்காவது குறிப்பு தவறு. உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் கேட்டாய். கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை, நீ சரியாகத்தான் கேட்டாய். அதற்கான பதிலை அன்று மூன்றரை மணியிலிருந்து நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். காயவில்லை. அந்தப் பக்கம் ஓடாதே.