ஐந்தாவது பொட்டு

கடையின் பின்னறையில் தொங்கும் என் குளிர் ஜக்கெற்றில் இன்னும் அந்த மணம் போகவில்லை, மச்சான். துவக்குக் குழாயைக் கழுவுகிற மருந்தின் மணம். அழுகப்போகும் வாழைப்பழத்தில் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி என்று நீ சொல்வாய். கறிவேப்பிலைப் பெட்டியும் கருவாடும் கற்பூரமும் அடுக்கியிருக்கிற அறை இது. இங்கே எந்த மணமும் தனித்து நிற்காது. இது நிற்கிறது. இன்று ஞாயிறு, கடை திறக்க இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கிறது. கதவைப் பூட்டிக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

உன் புதுத் துவக்கைப் போன ஞாயிறு கொண்டுபோய்ச் சுட்டேன். அது எப்படி என்று சொல்லத்தான் தொடங்கினேன். ஆனால் மற்றதைச் சொல்லாமல் அதை மட்டும் சொல்ல முடியாது போலிருக்கிறது.

உரிமம் எடுக்க மிசிசாகாவில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? படிப்பித்தவர் ஒவ்வொருவராக எழுப்பி, துவக்கோடு முன் அனுபவம் உண்டா என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவன் மான் வேட்டை என்றான், ஒருவன் மாமாவின் பண்ணை என்றான். உன் முறை வந்தபோது நீ எழுந்து, அனுபவம் நிறைய இருக்கிறது, ஆனால் எப்போதும் குழாய்க்கு முன்பக்கத்தில்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அந்த மனிசனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்குச் சிரிப்பு அடங்க அதைவிட நேரம் பிடித்தது.

அதற்கு முதல் கிழமை இதே பின்னறையில் வைத்து உன்னிடம் கேட்டிருந்தேன்.

"உனக்கேன்டா இந்த விசர்? அந்தச் சத்தத்துக்குப் பயந்துதானே இங்கை ஓடி வந்தனாங்கள்?"

"அதுதான் மச்சான். அங்கை அது தனக்கு விருப்பமான நேரம் வந்தது. ஒருக்கா எண்டாலும் நான் சொல்லேக்கை மட்டும் வரோணும்."

பிறகு நான் கேள்வி கேட்கவில்லை. என் பெயரையும் பதியச் சொன்னேன். ஒரு உயிருள்ள பொருளையும் சுடுவதில்லை, கடுதாசி மட்டும் என்று நமக்குள் பேச்சு.

நகரத்துக்கு வடக்கே அந்தத் துவக்குக் கழகத்துக்கு முதல் நாள் போனபோது, பக்கத்து மேசைக்காரன் பெரிய துவக்கொன்றை வெடிக்க வைத்தான். மறுகணம் நாங்கள் இருவரும் மேசைக்குக் கீழே. திடலுக்குப் பொறுப்பான கிழவர் குனிந்து பார்த்து, ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்டார். "ஓம், மானம்" என்று தமிழில் சொல்லிவிட்டு நீ எழுந்து முழங்காலைத் தட்டினாய்.

உனக்கு அந்தப் பயம் இரண்டு மாதத்தில் போய்விட்டது. எனக்குப் போகவில்லை. விசையில் விரல் வைத்ததும் என் கண் தானாக மூடும், தோள் முன்னுக்குப் போகும். நீ பின்னால் நின்று அலுப்பில்லாமல் ஒன்றையே சொல்வாய்: "சத்தம் வரப்போகுது எண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறாய். அதை விடு. குறியைப் பார்."

பொட்டுக் கதை அந்த நாட்களில்தான் தொடங்கியது. இரும்பு கடைகிற தொழிற்சாலையில் மயிரிழையைப் பத்தாகப் பிரித்து அளக்கிற உனக்கு, கழகத்தில் விற்கும் குறிவட்டம் பிடிக்கவில்லை. "உது ரொட்டி அளவிலை கிடக்கு" என்றாய். ஒருநாள் என் கவுண்டரில் சாய்ந்து நின்றவன், கற்பூரத்துக்குப் பக்கத்தில் தொங்கிய ஒட்டுப் பொட்டு அட்டை ஒன்றைப் பிடுங்கி, சட்டைப்பையில் இருந்த அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்தாய்.

"ஏழு மில்லிமீற்றர். எல்லாம் ஒரே அளவு. பின்னாலை பசையும் இருக்கு. இதைவிட நல்ல குறி எவனடா செய்வான்?"

"உது பொம்பிளையள் நெத்தியிலை வைக்கிறதடா."

"தெரியும். வீட்டிலை வதனியும் உதைத்தான் வைக்கிறவள்."

அதே கருஞ்சிவப்பு. அன்றிலிருந்து வதனியின் அட்டைகள் குறையத் தொடங்கின. "அண்ணை, உங்கடை சிநேகிதர் என்ரை பொட்டைச் சுட்டு முடிக்கிறார். கேக்க மாட்டீங்களோ?" என்று கடையில் நின்று முறையிடுவாள். முறையிட்டபடியே உனக்கென்று இரண்டு அட்டை கூட எடுப்பாள். எனக்கு விற்பனை. நான் ஏன் கேட்கப்போகிறேன்?

ஒவ்வொரு வெடிக்கும் நீ குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவாய். எங்கே பட்டது, எவ்வளவு விலகியது, காரணம் என்ன. உன் பக்கங்களில் காரணம் என்ற இடத்தில் காற்று, வெயில், மூச்சு என்று இருக்கும். என் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்: பயம்.

இந்தப் புதுத் துவக்குக்கு நீ எத்தனை மாதம் காத்திருந்தாய்! அது வந்து சேர்ந்தபோது ஈரல் வருத்தம் உன்னைக் கதிரையில் இருத்திவிட்டது. மடியில் வைத்து, கன்னம் சாய்க்கும் பலகையைத் திருகித் திருகி உன் கழுத்துக்குச் சரியாக்கினாய். "நூறு மீற்றரிலை அஞ்சு பொட்டு, அஞ்சு ஓட்டை. ஒண்டும் மிஞ்சாது, பார்" என்று வதனியிடம் சொன்னாய். அதோடு அது அலுமாரிக்குள் போனது. நீ ஆஸ்பத்திரிக்குப் போனாய்.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னதைத்தான் இனி எழுத வேண்டும். வதனி கீழே கோப்பி வாங்கப் போயிருந்தாள்.

"மச்சான், நான் போனா எங்கடை ஆக்கள் உவளின்ரை பொட்டை அழிப்பினம். தாலியைக் கழட்டட்டும், அது நான் கட்டினது. பொட்டு என்ரை இல்லை. என்னைக் காண முன்னமே வைச்சவள். விடாதை."

"அதை அவளிட்டையே சொல்லன்."

"நான் சாவுக் கதை எடுத்தா அவள் எழும்பிப் போயிடுவாள். நீ சொல்லு. உன்ரை வாய்க்குத்தான் சனம் அடங்கும்."

ஓம் என்றேன். இரண்டு தரம் சொன்னேன்.

செத்தவீட்டில் உன் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். யூனியன்வில்லில் இருந்து வந்த உன் பெரியக்கா ஈரத்துணியோடு வந்தா. வதனியைச் சுற்றிப் பெண்கள். மண்டபம் நிறைந்த சனம், அதில் பாதி என் கடைக்கு வாற சனம். எந்தக் குடும்பம் கிழமைக்கு என்ன சாமான் எடுக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அந்த நேரத்திலும் அது மண்டைக்குள் ஓடியது, மச்சான். வெட்கக்கேடுதான், ஆனால் உனக்குப் பொய் எழுத மாட்டேன். சாமான் விலையில் ஒரு சதத்துக்காக மொத்த வியாபாரியோடு அரை நாள் சண்டை பிடிக்கிற எனக்கு, ஒரு வசனம் வரவில்லை. அக்காவின் கை உயர்ந்தபோது நான் நிலத்தைப் பார்த்தேன். கம்பளத்தில் ஒரு செவ்வந்தி இதழ் நசிந்து கிடந்தது. நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் கழிந்து, துவக்கை என் பெயருக்கு மாற்றுகிற கடுதாசி வேலைகளும் முடிந்த பிறகு, அதை எடுத்துப்போகச் சொல்லி வதனி அழைத்தாள். டோர்செட் பார்க்கில் உங்கள் பன்னிரண்டாம் மாடி வீட்டுக்குப் போனேன். பூட்டிய நீளப் பெட்டியைக் காட்டினாள். அதன்மேல் உன் குறிப்புப் புத்தகமும் அதற்குமேல் நாலு பொட்டு அட்டைகளும் இருந்தன. விலை ஒட்டியிருந்தது என் கையால்.

"இதையும் கொண்டுபோங்கோ அண்ணை. எனக்கு இனி என்னத்துக்கு? நீங்கள் ஒட்டிச் சுடுவீங்கள்தானே."

வாங்கிக்கொண்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

வாசலில் வைத்துச் சொன்னாள்: "அவர் சொன்ன மாதிரி அது சுடுதோ எண்டு பார்த்து எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. ஆசைப்பட்டு வாங்கினது."

இனித் துவக்கைப் பற்றி. நீ கேட்க இருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருப்பாய்.

கறுப்பு. அலங்காரம் இல்லை, மரம் இல்லை. உன் தொழிற்சாலையில் கடைந்து எடுத்தது மாதிரி அலுமினியச் சட்டகம். ஸ்கோப்போடு தூக்கினால், எட்டு இறாத்தல் அரிசிப் பையும் நாலு இறாத்தல் பருப்பும் சேர்ந்த பாரம். தோளில் கொண்டு திரிகிற சாமான் அல்ல, மேசையில் இரண்டு கால் விரித்து இருக்கிற சாமான். அந்தப் பாரம்தான் அதன் நிதானம் என்று வெடி வைத்த பிறகு விளங்கியது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற கைபிடி உன் பழைய துவக்கில் தயங்கும், உரசும். இதில் நல்ல குளிரறைக் கதவு தன்பாட்டில் போய் மூடுவதுபோல் மூடுகிறது. விசைக்குத்தான் நான் தடுமாறினேன். இழுக்கிற வேலையே இல்லை. நன்றாகப் பொரிந்த அப்பளம் ஒடிகிற மாதிரி, விரல் வைத்ததும் ஒடிகிறது. உதை கொஞ்சம். ஆனால் குழாய் முனையில் உள்ள தடுப்பு காற்றைப் பக்கவாட்டில் அடிக்கிறது. பக்கத்து மேசைக்காரரின் தொப்பி பறந்துபோய் விழுந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் தொப்பியை விட்டுவிட்டு துவக்கைத்தான் பார்த்தார்.

ஒரு குறை சொல்லலாம். கன்னப் பலகை எனக்கு ஒரு விரல் உயரம் கூட. நீ வைத்த உயரம் அது. திருகுச் சாவி பெட்டிக்குள்ளேயே இருந்தது. நான் எடுக்கவில்லை.

முதலில் வேறொரு கடுதாசியில், நீ எழுதி வைத்தபடி, ஒரு வெடி, ஒரு கழுவல், ஒரு வெடி, ஒரு கழுவல் என்று புதுக் குழாயைப் பழக்கிக் குறியைச் சரிசெய்தேன். பிறகு வெள்ளைத் தாளில் நாலு மூலைக்கு நாலு பொட்டு, நடுவில் ஒன்று ஒட்டி, நூறு மீற்றரில் வைத்துவிட்டு வந்து இருந்தேன்.

முதலாவது போய்விட்டது. பொட்டும் ஓட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், பட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று நீ சொன்னது சரி. இரண்டாவதும் போனது. மூன்றாவது ஓரத்தில் பிறைபோல் கொஞ்சம் மிஞ்சியது. அது என் கழுத்தின் பிழை. நாலாவது சுத்தமாகப் போனது. இந்த நாலுக்கும் என் கண் மூடவில்லை, மச்சான். அதை யாரிடம் சொல்வது என்று திரும்பிப் பார்த்தேன்.

ஐந்தாவதற்கு ஸ்கோப்பில் கண் வைத்தேன். நாலு மூலையிலும் இருந்தவை சுடும்போது வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்திருந்தன. நடுவில் இருந்தது அப்படித் தெரியவில்லை. தாள் காற்றில் மெல்ல முன்னுக்கு வளைந்து நிமிர்ந்தது. வெள்ளைப் பரப்பின் நடுவில் அந்தக் கருஞ்சிவப்பு. அது ஒரு நெற்றி. அதில் நான் குறி வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

விரலை எடுத்தேன். தோட்டாவை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். பொறுப்பான கிழவர் வந்து, துவக்கில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். துவக்கில் இல்லை என்றேன்.

அடுத்த நாள் அந்தத் தாளை வதனியிடம் கொண்டுபோனேன். தேத்தண்ணி வைத்துவிட்டு, தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அவர் சொன்ன மாதிரித்தான் சுட்டிருக்கு."

"ஓம்."

"ஒண்டு மிச்சம் கிடக்கு. தவறிப் போச்சோ?"

"இல்லை. சுட மனம் வரேல்லை."

அப்போதுதான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நீ சொன்னது, நான் ஓம் என்றது, கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது எல்லாம். அவள் அழவில்லை. தாளை மேசையில் வைத்தாள்.

"அண்டைக்கு நான் உங்களைத்தான் பார்த்தனான் அண்ணை. அவர் உங்களிட்டை ஏதும் சொல்லாமல் போயிருக்க மாட்டார் எண்டு தெரியும். நீங்கள் நிமிருவீங்கள் நிமிருவீங்கள் எண்டு பார்த்தன்."

நான் கோப்பையைத் திருப்பி வைத்தேன்.

"கடையிலை உங்கடை சத்தம் றோட்டு மட்டும் கேக்கும். அண்டைக்கு எங்கை போனது?" என்றாள். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றாள். குடித்தேன். தாளை அவள் திருப்பித் தரவில்லை, நான் கேட்கவுமில்லை.

நேற்று சனிக்கிழமை, கடையில் கால் வைக்க இடமில்லை. வரிசையில் வதனி நின்றாள். கையில் ஒரு பொட்டு அட்டை, வேறொன்றும் இல்லை. வெறும் நெற்றி. அவளுக்குப் பின்னால் அரிசிமாப் பையோடு நின்ற அன்ரி உன் செத்தவீட்டில் முன்வரிசையில் இருந்தவ. எட்டிப் பார்த்தா.

"ஆருக்குப் பிள்ளை உது? ஊருக்கு அனுப்பவோ?"

வதனி திரும்பவில்லை. அட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். செத்தவீட்டில் நான் பார்க்காமல் விட்ட பார்வை அது என்று உடனே தெரிந்தது.

"அவவுக்குத்தான் அன்ரி" என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "பொட்டை அழிக்க விடாதை எண்டு அவன் சாக முதல் என்னட்டைச் சொன்னவன். செத்தவீட்டிலை நான் அதைச் சொல்லியிருக்கோணும். உங்கள் எல்லாருக்கும் பயந்து சொல்லேல்லை. இப்ப சொல்லுறன்."

"எங்கடை முறை எண்டு ஒண்டு இருக்கெல்லே தம்பி?"

"இருக்கு அன்ரி. நெத்தி அவவின்ரை."

அன்ரி மாப் பையைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டா. அவவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் கூடையை வைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள். வதனி காசை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அது அவள் வாங்கினதாக இருக்க வேண்டும், நான் கொடுத்ததாக அல்ல. மிச்சத்தை எண்ணி எடுத்துக்கொண்டு, அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

வைத்தாளா என்று தெரியாது. வைக்கலாம், வைக்காமலும் விடலாம். நான் போய்ப் பார்க்க மாட்டேன். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியதை முப்பத்தொரு நாளும் கழிந்த பிறகு சொன்னவனுக்கு அதைக் கேட்க உரிமை இல்லை.

கழகத்தில் ரொட்டி அளவுக் குறிவட்டம் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இனிப் பொட்டு ஒட்டுவதில்லை. உன் குறிப்புப் புத்தகம் எப்போதும் என் ஜக்கெற் பையிலேயே இருக்கிறது. இந்தத் துவக்குக்கென்று நீ கோடு போட்டு வெறுமையாக விட்டுப்போன பக்கத்தில், போன ஞாயிறு நாலு வரி எழுதினேன். ஐந்தாவது வரியில் இலக்கம் மட்டும் போட்டேன். காரணம் என்ற இடத்தில் நீ என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'பயம்' என்று எழுதியிருப்பாய். அதுவல்ல என்று எனக்குத் தெரியும், ஆனால் என்னவென்று அந்தச் சின்ன இடத்தில் எழுத வரவில்லை. அதனால்தான் விடிந்ததில் இருந்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், மச்சான்.