கடலில் மட்டும் சொல்லும் பெயர்கள்

1885 மே 28
எடின்பரோ பண்டிதரிடமிருந்து மூன்றாவது கடிதம். வழக்கொழிந்துபோகும் சொற்களுக்கு அகராதி போடுகிறாராம். எங்கள் ஷெட்லாண்ட் தீவு மீனவர்கள் ஆழ்கடலில் மட்டும் பேசும் பெயர்கள் வேண்டுமாம். பாதிரியார், தேவாலயம், பூனை, கத்தி – படகில் ஏறியபின் இவற்றை ஊர்ப்பெயரால் சொன்னால் கடல் கொண்டுபோய்விடும். கடற்பெயரைக் கரையில் உளறினாலும் ஆபத்துதான். தம்பி கிப்பியை விட்டால் யாரிடம் கேட்பது?

ஜூன் 2
கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிட்டேன். கணப்பருகே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, முப்பத்தொரு சொல் சொன்னான். "உனக்காகத்தான்க்கா. வெளிய மூச்சு விடாத." பாதிரியாருக்கு 'அப்ஸ்டாண்டர்' – எழுந்து நிற்பவர். பிரசங்க மேடையில் நிற்கிறாரே! தேவாலயம் 'பெனிஹூஸ்'. பழைய நார்வே மொழியில் ஜெப வீடு. எத்தனை நூறு வருஷத்துச் சொல், என் தம்பி வாயில்! தூக்கமே வரவில்லை.

ஜூன் 5
அனுப்பிவிட்டேன். சொல்லுக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது பண்டிதரின் விதி. கிப்பிக்கு அடுத்து அவன் படகுத் தலைவர் மான்சி ஹால்க்ரோவின் பெயரை எழுதினேன்.

ஜூலை 9
பாவி, நான் படுபாவி. சரிபார்க்க வேண்டுமென்று பண்டிதர் மான்சிக்கே எழுதிவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பாதிரியாரிடம் கொண்டுபோயிருக்கிறார். அவரோ கடைத்தெருவில் நின்று உரக்கப் படித்து, "அட, எனக்கே பட்டப்பேரா!" என்று சிரித்தாராம்.

மான்சி வாசலோடு நின்றுகொண்டார். "ஏம்மா ஓஸ்லா, எங்க ஆறு பேர் உசுரையும் தபால்ல போட்டுட்டியே." பிறகு கிப்பியிடம், "நாளைக்குப் படகுக்கு வராதப்பா. நீ பக்கத்துல இருந்தா மத்தவனுக்குத் துடுப்பு ஓடாது" என்றார்.

கிப்பி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 22
எந்தப் படகும் அவனைச் சேர்க்கவில்லை. மான்சி காலில் விழாத குறை. "தப்பு என்னோடது மாமா, அவனை ஏன் தண்டிக்கிறீங்க?" "நீ எங்ககூடக் கடலுக்கு வர்றவ இல்லியேம்மா" என்றார்.

1886 மார்ச் 3
டண்டி துறைமுகத்திலிருந்து வந்த திமிங்கல வேட்டைக் கப்பலில் கிப்பி ஏறிவிட்டான். "அழாதக்கா. அதுல பாதிப்பேர் தெற்கே ஸ்காட்லாந்துக்காரங்க. எதுக்கு என்ன பேர் சொன்னாலும் கேக்க நாதியில்ல." சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 14
அச்சுத் தாள்கள் வந்தன. 'அப்ஸ்டாண்டர்: வழக்கொழிந்தது.' முப்பத்தொன்றுக்கும் அதேதான். இரண்டாம் சாட்சி மான்சி, அப்படிச் சொற்களே கிடையாது என்று சாதித்துவிட்டாராம். கரையில் வைத்துக் கேட்டால் எந்த மீனவன் ஒப்புக்கொள்வான்? மீனவன் வீட்டில் பிறந்தவள், இதுகூடத் தெரியாதா எனக்கு? இதற்கா அவனைக் கெடுத்தேன்! தாள்களை அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 20
டண்டியிலிருந்து கடிதம். எழுத முடியவில்லை.

நவம்பர் 21
காலையில் மான்சி வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"மனசு கேக்கலம்மா. அவனை மாதிரி துடுப்பு போட ஆளில்ல. மத்தவங்களும் சரின்னுட்டாங்க. எப்ப வர்றான்? மே மாசம் மீன்பிடி தொடங்கறப்ப அவன் எடத்துல அவனே உக்காரட்டும்."

அவன் போன சிறுபடகு பனிக்கட்டிகளுக்கு நடுவே நொறுங்கிவிட்டது, உடல் அகப்படவில்லை என்று கப்பல்காரர்கள் எழுதிய கடிதம் என் பையில் இருந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். மனிதர் குளிரில் நாலு மைல் நடந்து வந்திருந்தார். குடித்து முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.