கல்லில் இருந்த ஆண்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் அவரைப் போலவே என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் விழா எப்படி நடந்தது, என் புத்தகத்தைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, உன் அம்மாவின் மூக்குதான் உடைந்தது.

எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்கல்லூரியையும் ஒன்றாக்கி, கூடவே நூற்றாண்டும் கொண்டாடுவது என்று முடிவாகி, வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்து எழுதினேன். முன்கூடத்துச் சுவரில் கல்லூரி நிறுவப்பட்ட ஆண்டைச் செதுக்கிய கல் இருக்கிறதே, அந்த ஆண்டைத்தான் முதல் பக்கத்தில் போட்டேன். கல்லே சொல்லும்போது வேறு யாரைக் கேட்பது? பழைய பதிவேடுகள் தொழிற்கல்லூரிக் கிடங்கில் இருப்பதாக உன் அப்பா ஒருமுறை சொன்னார். அந்த எண்ணெய்க் கைக்காரர்களிடம் போய் நிற்க எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது, போகவில்லை. ஐந்நூறு பிரதி அச்சாகி, முதல் பிரதியை உனக்குத்தான் தபாலில் அனுப்பினேன்.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் அந்தக் கல்லைப் புது வாசலில் பதிப்பதற்காகப் பெயர்த்தார்கள். தொழிற்கல்லூரியில் கட்டட வேலை கற்றுக்கொடுக்கிற ஆசிரியர், அவரை எல்லாரும் கொத்தனார் சார் என்போம், ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கல்லின் முதுகில் கறுப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: வரிசை எண் பதினான்கு, ஐம்பதுக்குப் பதினேழு, எழுத்தின் ஆழம் சமமில்லை, மறுபடி செதுக்குக. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “கோவிச்சுக்காதீங்க டீச்சர், இது பரீட்சைக் கல்லு” என்றார். அவர்கள் பிரிவில் அந்தக் காலத்திலிருந்தே பிராக்டிகல் பரீட்சைக்குக் கல்வெட்டுதான் செதுக்கச் சொல்வார்களாம், தேர்வாளர் வாய்க்கு வந்த ஓர் ஆண்டைக் கொடுப்பாராம். பட்டறை மேசைக்கு அடியில் இன்னும் ஏழு கல் கிடக்கிறது, ஒன்றில் இருக்கிற ஆண்டு வர இன்னும் பதினெட்டு வருஷம் ஆகும்! முன்கூடம் கட்டியபோது எவரோ கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பதித்துவிட்டார்கள். ஃபெயிலான கல்லுக்கு முன்னால் நின்றுதான் இருபத்தாறு வருஷமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சிரித்தேன், அப்புறம்தான் என் முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. அன்றே கிடங்குக்குப் போனேன். கொத்தனார் சார் ஒரு வார்த்தை குத்திப் பேசாமல் தூசி தட்டி முதல் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். நமக்கு வயது நூறு இல்லையடி, நூற்றுப் பதினொன்று. அதுகூடப் பெரிதில்லை. சைக்கிள் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை, ஒரே பதிவேடு. இடப்பக்கம் ஆசிரியர் பயிற்சிக்கு வந்த ஒன்பது பேர், வலப்பக்கம் தச்சர், கொல்லர், கொத்தனார் என்று ஏழு பேர். காலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் தொழிலாளிகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், இவர்களுக்கு அதுதான் பயிற்சி. மத்தியானம் அவர்கள் இவர்களுக்கு அறுக்கவும் இழைக்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அறையின் பெஞ்சும் கரும்பலகையும் அப்படி வந்தவைதான். ஒரு தச்சர் முதல் மாதம் கைநாட்டு வைத்திருக்கிறார். நாலாவது மாதம் அதே ஆள், எழுத்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்க, தனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவருக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்: ‘பலகையை மூன்று முறை கோணலாக அறுத்தார், ஆனால் விடவில்லை.’ நான் எத்தனை பேருக்கு மதிப்பெண் போட்டிருப்பேன், இப்படி ஒரு வரி எழுதியதில்லை. மதில் வந்ததெல்லாம் முப்பது வருஷம் கழித்து, ஆள் பெருகி இடம் போதாமல்தான். நானோ இரண்டு கல்லூரிகள் முதன்முதலாகச் சேர்கின்றன என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன்.

முதல்வரிடம் சொன்னேன். அழைப்பிதழ் போய்விட்டது, பெரிய மனிதர்கள் வருகிறார்கள், விட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன், வாழ்க்கையில் எழுதிய ஒரே புத்தகம், இரண்டு மாதத்தில் ஓய்வு. ஆனால் எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டால் டஸ்டரைத் தொடக்கூடாது, பிள்ளைகள் பார்க்க ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அதைச் சொல்லியே எத்தனை பிள்ளைகளை அழவைத்திருக்கிறேன். விழாவன்று மேடைக்கு ஒரு கரும்பலகையைக் கொண்டுவரச் சொன்னேன். புத்தகத்தில் இருந்த ஆண்டை எழுதி, கோடு அடித்து, சரியான ஆண்டை எழுதி, இது என் தப்பு, மதில் தாண்டிக் கேட்காததால் வந்த தப்பு என்றேன். முதல்வர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்புறம் முன்வரிசையில் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடம் முழுக்கக் கேட்டது. என்னடா இது என்று நிமிர்ந்தால், பயிற்சிப் பிள்ளைகளும் பட்டறைப் பிள்ளைகளும் வாசலில் ஆளுக்கொன்றாகக் கொடுத்த என் புத்தகத்தை மடியில் திறந்து வைத்து, பேனா இல்லாதவர் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கி, தாங்களே கோடு அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அழுதுவிட்டேன் கண்ணு, மேடையிலேயே.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல். இருவரும் குறைவில்லாமல், மனம் ஒத்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, உன்னிடம் இருக்கிற பிரதியில் முதல் பக்கம், மூன்றாவது வரி. வெள்ளை மை தடவாதே, ஒரே கோடு, அம்மா எழுதிய தப்பும் தெரிய வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா