அன்வருக்காகத் தேடிய பக்கங்கள்

2-4-79, திங்கள்
விடியும்போதே புழுக்கம். எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் பிரிக்கவில்லை. தலைவலி. மண்ணெண்ணெய்க்காரன் வரவில்லை.

பின்கட்டில் குடியிருக்கும் ஹாஜராம்மா இன்னும் படுத்த படுக்கை. அன்வரை அடக்கம் செய்து நாலு நாள் ஆகிறது. ஒரே மகன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை, அங்கேயே தங்கல். வேலை போனதை அம்மாவிடம் சொல்லாமலே இருந்திருக்கிறான். ஊருக்கு வருகிற வழியில் செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தில் தானாக நடந்து... எழுத வரவில்லை. பார்த்தவர்கள் இருக்கிறார்கள். விபத்து என்று சொல்லிக்கொள்ளக்கூட வழி இல்லை.

கஞ்சி கொண்டுபோனேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அஸர் தொழுகிற நேரம் என்றேன்.

"நான் தொழுதா மட்டும் மேல அல்லாகிட்ட ஏறுமா சபியா?"

கஞ்சி அப்படியே திரும்பி வந்தது.

3-4-79, செவ்வாய்
வெயில். பள்ளியில் பரீட்சை மேற்பார்வை, மூன்று மணி நேரம் நின்றபடி. கால் வீக்கம். சாயங்காலம் துக்கம் கேட்கத் தெருப் பெண்கள். டீ போட்டுக் கொடுத்தேன். அடுப்படிவரை கேட்டது:

"இப்டி செத்தவனுக்காக அல்லாகிட்ட துஆவே கேக்கக் கூடாதாமே."

"பின்ன? பள்ளிவாசல் ஹஜ்ரத்தே அடக்கத்தன்னிக்கி ஜனாஸா தொழவைக்காம ஒதுங்கிக்கினாரு. வேற ஒருத்தர்தான் முன்னால நின்னாரு, எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு."

ஹாஜராம்மா பக்கத்திலேயேதான் படுத்திருந்தார். தூக்கம் என்று நினைத்துவிட்டார்கள் போல.

அவர்கள் போனதும் எழுந்து வந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு. எழுந்தது இதுதான் முதல் தடவை.

"உங்க அண்ணன் பினாங்குலேர்ந்து புஸ்தகம் கொண்டாந்து குடுத்துக்குதே. நபி சொன்னது செஞ்சது எல்லாம் அதுல கீதுன்னியே. எம் புள்ளைக்கு நான் துஆ கேக்கலாமா, கூடாதா? பாத்து சொல்லு."

நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை என்றேன். எனக்கு அரபியில் அர்த்தம் தெரியாது, இங்கிலீஷில்தான் படிக்கிறேன் என்றேன்.

"அல்லாவுக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்.

4-4-79, புதன்
விடைத்தாள் பாதிகூட ஆகவில்லை. கருவாடு தீய்ந்துவிட்டது, புத்தகம் கையில் இருந்ததால்.

நான்கு தடிப் புத்தகங்கள். கான்வென்டில் பைபிள் வகுப்பில் சிஸ்டர் படித்த அதே பழங்கால இங்கிலீஷ். ஒரு வரிக்கு இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் அரபி. அதை ஓதத் தெரியும், புரியாது. வலப்பக்கம் புரியும், ஆனால் அது ஓதுகிற பாஷை இல்லை. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷில் படிக்கவைத்த அத்தாவுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று தோன்றியிருக்காது.

முதலில் கண்ணில் பட்டது கடுமையான ஒன்று. தன்னைத் தானே மாய்த்துக்கொண்டவனுக்கு மறுமையில் என்ன என்பது. கூசிப்போனேன். நிமிர்ந்தால் வாசற்படியில் ஹாஜராம்மா.

"இன்னா போட்டுக்குது?"

"இது வேற விஷயம்."

மூடி வைத்தேன். என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனார்.

5-4-79, வியாழன்
மின்வெட்டு. விசிறிக்கொண்டே திருத்தியதில் மணிக்கட்டு வலி. 'ரிலீஃப்' என்பதற்கு எதிர்ச்சொல் 'லீஃப்', அதாவது இலை, என்று ஒரு பெண். சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் வேலைவிட்டு வந்ததும் சொன்னேன்.

"இன்னாத்துக்கு உனக்கு இந்த பேஜாரு? நீ பாட்டுக்குத் தப்பா ஒண்ணு சொல்லி வெச்சா, நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

நியாயம்தான். எனக்கும் அதே பயம். அப்படியானால் நீங்களே ஹஜ்ரத்தைக் கேட்டு வாருங்கள் என்றேன். குளிக்கப் போய்விட்டார். ஹாஜராம்மா இன்றும் வெறும் தண்ணீர்தான். கண் உள்ளே போய்விட்டது.

6-4-79, வெள்ளி
அவர் ஜும்மா முடிந்து தாமதமாக வந்தார். கேட்டுத்தான் வந்திருக்கிறார்.

"ஹஜ்ரத்து மூஞ்சே சரியில்ல. மத்த பசங்களுக்கு ஒரு பயம் இருக்கட்டும்னுதான் நான் ஒதுங்கி நின்னேன், அந்தம்மாவ துஆ கேக்க வேணாம்னு நான் எங்க சொன்னேன்னாரு. அன்னிக்கி ராத்திரி பூரா தூங்கலயாம்."

ஓடிப்போய்ச் சொன்னேன். ஹாஜராம்மா அசையவில்லை.

"அவரு நல்ல மனுஷன். ஆறுதலுக்கு சொல்றாரு. நீ படிச்சதுல இன்னா கீது?"

மத்தியானம் மறுபடி உட்கார்ந்தேன். பொருளடக்கத்தை நம்பிப் பயனில்லை, பக்கம் பக்கமாகத்தான். கண் எரிச்சல். இரண்டு முறை தூங்கி விழுந்தேன். அப்போது கிடைத்தது.

நபியின் தோழர் ஒருவரோடு ஊரை விட்டு வந்த ஒரு மனிதர். புது ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, நோய். வலி பொறுக்காமல் தன் கைக்குத் தானே கேடு செய்துகொண்டு இறந்துபோகிறார். பிறகு தோழரின் கனவில் வருகிறார். நல்ல நிலையில்தான், ஆனால் கைகளை மூடிக்கொண்டு. இறைவன் மன்னித்துவிட்டான், நீயே கெடுத்துக்கொண்டதை மட்டும் சரிசெய்ய மாட்டோம் என்று சொல்லப்பட்டதாம். தோழர் இதை நபியிடம் சொல்ல, அந்தக் கைகளையும் மன்னித்துவிடு என்று நபி துஆ கேட்கிறார்.

அவ்வளவுதான். ஏழெட்டு வரி. திரும்பத் திரும்பப் படித்தேன், அர்த்தம் பிசகிவிடக் கூடாதே என்று. உடனே போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை.

7-4-79, சனி
மேகம், மழை இல்லை. விடைத்தாள் திங்களன்று கொடுத்தாக வேண்டும். காலையில் புத்தகத்தோடு பின்கட்டுக்குப் போனேன். ஆரம்பிப்பதற்குள் கையை நீட்டித் தடுத்தார்.

"அன்னிக்கி ஒண்ணு படிச்சிட்டு மூடுனியே, மொதல்ல அத சொல்லு."

"அது வேணாம்மா."

"மறைக்காத. பெத்தவ நான், எனக்குத் தெரியணும்."

சொன்னேன். அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கடைசிவரை கேட்டார். அழவில்லை. அதன்பிறகு நேற்றுக் கிடைத்ததைச் சொன்னேன். தமிழில், மெதுவாக, விட்டதைத் திரும்பிப் போய்ச் சொல்லி.

"கைக்குன்னு தனியா கேட்டாரா?"

"ஆமாம்மா. இங்கிலீஷ்ல அப்படித்தான் இருக்கு."

வெளியே சைக்கிள் மணி, யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். எழுந்து முகம் கை கால் கழுவி, ஒளு செய்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாயில் உட்கார்ந்தார். கையைத் தூக்கினவர் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"எம் புள்ள நடந்துல்ல போனான் சபியா. காலுக்குக் கேக்கலாமா?"

எந்தப் பக்கத்திலும் இதற்குப் பதில் இல்லை.

"கேளுங்கம்மா" என்றேன்.

கேட்டார்.