ஓபியோவுக்கு வந்த உன் வாழ்த்துகள்

கிசுமு,
ஞாயிறு, சர்ச் முடிந்து.

என் செல்ல ஒடோங்கோவுக்கு,

பெர்லின் குளிரில் உன் உடம்பு தேறியிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது, இங்கே நானும் உன் அண்ணன் ஓபியோவும் உண்டு உறங்கி நடமாடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. கம்பெனி எதையும் நம்பாமல் நீயே போட்ட உன் முதல் தனி ஆல்பம் இங்கே ரேடியோவில் வந்துவிட்டது. கேட்டதும் கருவாட்டுக் கூடையைப் போட்டது போட்டபடி விட்டுச் சந்தையிலேயே அழுதேன், பெருமை தாங்கவில்லை, என் பிள்ளை குரல் என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஊருக்கு உங்கள் இருவரையும் என்றைக்கு அடையாளம் தெரிந்திருக்கிறது, பெற்ற நானே ஒருவனுக்கே இரண்டு தடவை பால் கொடுத்துவிட்டு மற்றவனை அழவிட்டவள். நீங்கள் சேர்ந்து குழுவில் பாடியபோது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது ஓபியோ தெருவில் இறங்கினால் பைக் டாக்சிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, "ஒடோங்கோ, பாட்டு பிரமாதம்ப்பா, தனியா நின்னு ஜெயிச்சுட்டியே" என்று கை கொடுக்கிறார்கள். அது நான் இல்லை, என் தம்பி என்று சொல்லிப் பார்த்தான், "அடக்கத்தைப் பாருங்கடா" என்று சிரித்தார்களாம். இப்போது மறுப்பதில்லை, நன்றி சொல்லிவிட்டு வருகிறான். வீட்டுக்குள் வரும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு ரிஸ்பர், தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆடிப்பாடி வந்தாள். இரட்டையரில் ஒருவனுக்கு நல்லது நடந்தால் இருவருக்கும் செய்யவேண்டும், இல்லாவிட்டால் மற்றவனுக்கு ஆகாது, அது உனக்குத் தெரியாததா. இரண்டு கோழி, இரண்டு சட்டை. நானும் புத்திகெட்டுப்போய்க் குலவை போட்டு ஓபியோவை நடுவில் உட்காரவைத்தேன். ரிஸ்பர் எல்லாவற்றையும் அவன் மடியில் வைத்து, "தம்பியோடத அவனுக்கு அனுப்பிடு, உன்னோடத நீ போட்டுக்க" என்றாள். அவன், "எனக்கு எதுக்கு அத்தை, நான் என்ன பண்ணேன்" என்று கேட்டான். மறுநாள் கிதார் கம்பிகளைக் கழற்றி வைத்துவிட்டான், கேட்டால் துருப்பிடிச்சிருச்சும்மா என்கிறான்.

நீ போனது தப்பென்று நான் சொல்லவில்லை. பாடாதே என்று உன்னிடம் சொல்ல முடியுமா, சந்தோஷப்படு என்று அவனிடம் சொல்ல முடியுமா. நேற்று அவன் வெளியே போயிருக்கிறான் என்று நினைத்து உன் ஆல்பத்தைப் போனில் போட்டேன். ஏரியைப் பற்றிய பாட்டில் நடுவே நிறுத்தி மூச்சு வாங்குகிறாயே, குழுவில் இருந்தபோது அவன் சேர்ந்துகொள்ளும் இடம், பக்கத்து அறையிலிருந்து அவன் குரல் மெதுவாக அந்த இடத்துக்கு வந்தது. பதறிப்போய்ப் போனை அணைத்தேன். அவன் நிறுத்தவில்லை, உன் பங்கையும் சேர்த்துக் கடைசிவரை பாடினான். கதவைத் தட்டப் போனேன், போய் என்ன சொல்வதென்று தெரியாமல் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் குளிரில் போகாதே. அவனுக்கு மறக்காமல் போன் பண்ணு, ஆல்பத்தைப் பற்றிப் பேசாதே, பேசாமலும் இருந்துவிடாதே, அது எப்படி என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து உங்கள் இருவரையும் ஒரே மூச்சில்தான் ஆசீர்வதித்திருக்கிறேன், ஒருவனை மட்டும் வாழ்த்த இந்த வாய்க்கு வரவில்லை. நன்றாக இருங்கள், இருவரும்.

இரட்டையரின் அம்மா என்றே ஊர் இன்னும் கூப்பிடுகிற
உன் அம்மா,
அடெரோ