நான் போட்ட ஒற்றும் படிக்காமல் விட்ட சொல்லும்

அன்பு மகள் பட்டுவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் மாத்திரை போட்டாயா, நீ போட்டாயா என்று ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் ஆறு மாதமாகக் குடியிருக்கும் அந்தச் சின்ன ஆளும் சௌக்கியம் என்று உன் வாயால் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். பன்னிரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை. அன்று நான் போனில் சொன்னது தப்பு என்று மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேன், அப்பா என்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறார் என்று நீ சொன்னாயாம். உன்மேல் குறையில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் நடந்தபோது, உனக்குப் பரீட்சை நடக்கிறதே என்று மூன்று வாரம் அம்மா குளிக்கிறாள், அம்மா குளிக்கிறாள் என்றே புளுகியவன் நான். ஒரு மனுஷி மூன்று வாரமாகவா குளிப்பாள் என்று நீ பிறகு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் இந்த முறை நல்லதையும் கெட்டதையும் ஒன்றுவிடாமல் எழுதி, இரண்டு ரிப்போர்ட்டின் நகலையும் கூடவே வைத்திருக்கிறேன். நீயே படித்துப் பார்த்துக்கொள்.

முதலில் கெட்டது. அம்மாவின் இடுப்பு வலி சுளுக்கு என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது சுளுக்கு இல்லை. பழைய நோய் இடுப்பெலும்பில் திரும்ப வந்திருக்கிறது. அங்கேயிருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வந்தது. அதோடு நோயாளி புரிந்துகொள்வதற்காக என்று தமிழில் ஒரு விளக்கத்தாளும் வைத்திருந்தார்கள். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? "புற்றுநோய் கட்டியில் மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது" என்று இருந்தது. நோய்க்குப் பக்கத்தில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து அந்த 'க்'கைப் போட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒற்றுகூடப் போடத் தெரியவில்லை என்று ஒரு பெருமை வேறு. அடுத்த சொல்லான 'கட்டியில்' என்பதைப் படிக்கவே இல்லையம்மா. எழுத்தைப் பார்த்தேன், சொல்லைப் பார்க்கவில்லை. கண் நேரே மரபணுவுக்குப் போயிற்று. பழக்கதோஷம், மரபு தனி, அணு தனி என்று பிரித்தேன். மரபு என்றால் பரம்பரை. அம்மாவிடமிருந்து உனக்கு, உன்னிடமிருந்து குழந்தைக்கு என்று நானே கணக்குப் போட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் அச்சகத்திலிருந்தே உனக்குப் போன் செய்து, இடுப்பை மட்டும் மறைத்துவிட்டு, அம்மாவின் நோய் பரம்பரையாம், உனக்கும் குழந்தைக்கும் வருமாம் என்று உளறிக் கொட்டினேன். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சொல்கிற பேச்சா அது. நான் ஒரு மடையன், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போனோம். அம்மாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, டிரைவிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் செய்யப்போவதை வாயால் சொல்லாமல் சாவியைத் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். இப்போதும் காலையில் இரண்டு பேருக்குக் கற்றுத் தருகிறாள். மூன்று முறை ஃபெயிலான ஒரு பல் டாக்டர் இருக்கிறார், கண்ணாடி பார்க்கிறேன், இண்டிகேட்டர் போடுகிறேன் என்று அவர் பாடம் ஒப்பிப்பது தெருவுக்கே கேட்கும். அதே சட்டத்தைத்தான் அன்று டாக்டரம்மாவிடமும் போட்டாள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். அம்மாவின் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கொண்டு வளர்கிற வகை, இத்தனை வருஷம் போட்ட மாத்திரை அந்த ஹார்மோன் ஊறவிடாமல் தடுத்து அதைப் பட்டினி போட்டு வைத்திருந்தது, இப்போது கட்டியின் செல்களில் ஒரு ஜீன், அதாவது தாளில் இருந்த அந்த மரபணு, மாறிப்போய் ஹார்மோன் இல்லாமலே வளர ஆரம்பித்துவிட்டது, பழைய மாத்திரை இனிமேல் கேட்காது என்றார். அம்மா கையை உயர்த்தி, நில்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள் என்றாள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாச்சு, ஆனாலும் மிதி மேலே வராமல் சிக்கிக்கொண்டு வண்டி ஓடுகிறது, அப்படித்தானே என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்தேவிட்டார், அப்படியேதான், இதை இனி மற்றவர்களுக்கும் இப்படியே சொல்லப்போகிறேன் என்றார். தன் நோயைத் தன் தொழிலின் பாஷையில் பிடித்துக்கொண்டுவிட்டாளே என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரே பிரமிப்பு.

அடுத்து அவள் கேட்டதுதான் கேள்வி. எனக்கு வராத கேள்வி, எனக்கு வந்திருந்தால் உனக்கு இந்தப் பன்னிரண்டு நாள் நரகம் இருந்திருக்காது. "இந்த ஒரு வண்டியில மட்டும் வந்த கோளாறா, இல்ல இந்தக் கம்பெனி வண்டி எல்லாத்துலயும் இருக்குமா? எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றாள். குரல் அப்போதுதான் கொஞ்சம் பிசிறியது. டாக்டரம்மா இரண்டாவது ரிப்போர்ட்டை எடுத்து வைத்தார். இந்த மாற்றம் கட்டிக்குள் மட்டும் பிற்பாடு உண்டானது, மாத்திரைக்குத் தப்பிக்க அது பழகிக்கொண்ட வித்தை, பிள்ளைகளுக்குப் போகாது என்றார். பரம்பரையாக வரக்கூடிய மாற்றங்களை அம்மாவின் ரத்தத்தில் தனியாகத் தேடியிருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்தவற்றில் ஒன்றும் இல்லை. அதற்காக உனக்கு எந்தக் காலத்திலும் வராது என்று எழுதித் தர யாராலும் முடியாது, அம்மாவுக்கு இருந்ததை உன் டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்லும் வயதிலிருந்து தவறாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

அம்மாவுக்கு இப்போது புது மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள், இப்படி மாறிப்போன கட்டிக்கென்றே வந்தது. கேட்கிறதா என்பது மூன்று மாதத்தில் தெரியும். முழுசாகக் குணமாகாது, அடக்கி வைக்கலாம், பல பேருக்கு நன்றாகவே அடங்குகிறது என்றார் டாக்டரம்மா. எவ்வளவு நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா கேட்டாள். ஆளுக்கு ஆள் வேறுபடும் என்ற பதிலை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

வண்டியில் வந்து உட்கார்ந்தோம். சாவியைப் போட்டவள் திருப்பவில்லை. இடுப்பெலும்பை நினைத்து அழப்போகிறாள் என்று நான் அவள் கையைப் பிடித்தேன். அவளோ கண்ணாடி துடைக்கிற துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவளுக்கு இல்லையாம். கேட்டீங்கல்ல? அவளுக்கு இல்லையாம்" என்றாள். நான் உனக்குப் போன் செய்ததை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதினால் இந்தக் கடிதம் நீண்டுவிடும். எல்லாவற்றையும் எழுது, என் இடுப்பையும் சேர்த்து எழுது, அப்போதுதான் மற்றதை அவள் நம்புவாள் என்று உத்தரவு போட்டவள் அவள்தான். வீடு வந்து சேரும்வரை தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பட்டு. தனக்கு மாத்திரை கேட்கவில்லை என்று தெரிந்த அன்றைக்கு, வழியெல்லாம் சந்தோஷமாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் கொஞ்ச தூரம் நட, கனமானதைத் தூக்காதே. நீயும் குழந்தையும் நோய்நொடி அண்டாமல் நூறு வருஷம் நிறைவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். தினமும் காலையில் முதல் வகுப்புக்குக் கிளம்பும் முன் உன் எண்ணை அழுத்திப் பார்ப்பது நான் இல்லை, அம்மா. என்மேல் கோபம் இருக்கட்டும், அந்தப் போனை எடு.

உன்னிடம் இனிப் பொய் சொல்லாத,
அப்பா