கோமளா எங்கேன்னு கேக்கறாரு

அக்டோபர் 28, செவ்வாய்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே ஜன்னல் வழியாக என் ஊட்டுக்காரரை வேடிக்கை பார்த்தேன். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கண்ணைக்கூட மூடவில்லை. "ஆண்டவரே, கம்பெனிக்குப் போயிட்டு வாரேனுங்க. லைன்ல ஒருத்தர் கையிலயும் ஊசி ஏறாமப் பாத்துக்கங்க. செல்வி இன்னிக்கும் கோவமாத்தான் இருக்கறா, அதையும் கொஞ்சம் பாத்துக்கங்க." சத்தமாகத்தான். எதிர் ஊட்டு ஆத்தப்பன் பல் விளக்குவதை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு மானம் போகும். எங்கள் அப்பா ஊட்டில் ஜெபம் என்றால் முழங்கால் போட்டு, பெரிய பெரிய வார்த்தையாகத் தேடிப் பிடித்துச் சொல்வோம். இந்த மனுசனுக்கு ஆண்டவர் பக்கத்து ரூமில் உட்கார்ந்திருக்கிற பெரியவர். வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போகிறார், வந்ததும் வந்தேன் என்கிறார். இப்போதெல்லாம் எனக்குக் கூச்சமில்லை. கொஞ்சம் பொறாமைதான்.

அருள்புரத்தில் இத்தனை பனியன் கம்பெனி இருக்கிறது. எந்த லைன் சூப்பர்வைசருக்கு டெய்லர்கள் தங்கள் குழந்தை பேரைச் சொல்லி "ஜெபம் பண்ணுங்ணா" என்று கேட்கிறார்கள்? கும்பிடுகிற சாமி வேறாக இருந்தாலும் கேட்கிறார்கள். இவரு ஒருத்தர் பேரையும் விட மாட்டார்.

அக்டோபர் 30, வியாழன்

இவருக்கு ஷிப்மெண்ட் நாள், சரக்கு கிளம்பியாக வேண்டும். பொழுது சாய்ந்து வந்தார். சோறு வேண்டாமாம். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தும் வேண்டாமாம்!

அக்டோபர் 31, வெள்ளி

வண்டி கிளம்பிய சத்தம் மட்டும் கேட்டது. நான் ஜன்னலுக்கு வருவதற்குள் போய்விட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

முதல் ஞாயிறு, திருவிருந்து. எங்கள் கோயிலில் திருவிருந்துக்கு எந்திரிக்காமல் ஒருத்தர் உட்கார்ந்திருந்தால், ஒன்று பங்காளியோடு சண்டை, இல்லையென்றால் பெண்டாட்டியோடு சண்டை. அதுதான் அர்த்தம். இன்றைக்கு உட்கார்ந்திருந்தது இவரு! அண்ணன் தம்பியே இல்லாத மனுசன். அப்புறம் என்ன, மொத்தக் கோயிலும் என்னைப் பார்த்தது.

முழங்கையால் இடித்தேன். "நீ போ செல்வி" என்றார். தனியாகப் போய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் கேட்டேன் — உடம்புக்கு ஏதாச்சுமா? நான் ஏதாச்சும் சொல்லிப்போட்டனா? "இல்லை." அவ்வளவுதான் பதில்.

நவம்பர் 6, வியாழன்

இவரு கம்பெனியில் பெரிய ரகளை. கப்பலுக்குப் போக வேண்டிய பெட்டிகளை, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் குடோனில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கைக்குழந்தை சட்டை ஒன்றில் உடைந்த ஊசி நுனி. குழந்தை போடுகிற சட்டையில்!

பேக்கிங்குக்குப் போகிற ஒவ்வொரு பீஸையும் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினில் விட்டு எடுப்பது கோமளாவின் வேலை. பின்தெருக்காரி. புருசன் இல்லாமல் மகள் தேஜஸ்ரீயை வைத்துக்கொண்டு பிழைக்கிறவள். "மெஷின்ல போடாமயே தள்ளி உட்டுட்டா" என்று எல்லார் முன்னாலும் பேசி வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

"பாவமுங்க, நீங்க மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன். இவரு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நவம்பர் 8, சனி

கோமளா சாயந்திரம் வந்தாள். முகம் வீங்கிக் கிடக்கிறது. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"ஏனுங்ணா, நான் ஒரு பீஸ் உடாமப் போட்டனுங்க. எம்மட சாமி மேல சத்தியமுங்க. வேற கம்பெனிக்குப் போனா அங்கயும் விசாரிக்கறாங்க. உங்க சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்ணா. நீங்க சொன்னா கேக்கும்."

இவரு எந்திரித்தார். கையைக் கோர்த்தார். "ஆண்டவரே" என்றார். அதற்கு மேல் வரவில்லை. வாய் அசைகிறது, சத்தமில்லை. கோமளா கும்பிட்டபடி நிற்கிறாள். நான் என்ன செய்வேன்? நானே ஏதோ ரெண்டு வார்த்தை சொல்லி ஆமென் போட்டு அவளை அனுப்பினேன்.

என்ற ஊட்டுக்காரருக்கு ஜெபம் வரலை. சோறு வேண்டாம்னதுக்குக்கூட நான் இப்படிப் பயப்படலை.

நவம்பர் 9, ஞாயிறு

சொல்லிவிட்டார். மத்தியானம், சாப்பிட்ட தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, ஒட்டி, முழு ஊசியாகக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டிலையே, மொத்தச் சட்டைக் கட்டையும், நிறுத்தி வைத்து ஒவ்வொரு பீஸாகத் தேட வேண்டும். நான் வேலை செய்கிற கம்பெனியிலும் இதே சட்டம்தான். ஷிப்மெண்ட் அன்றைக்கு இவரு லைனில் உடைந்த ஊசிக்கு நுனி கிடைக்கவில்லை. வெளியே சரக்கேற்ற வந்த வண்டி ஹாரன் அடிக்கிறது. காந்தத்தை வைத்துத் தேடினாராம். கிடைக்கவில்லை, கீழேதான் விழுந்திருக்கும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். ஒரு பழைய ஊசியை உடைத்து, அந்த நுனியை வைத்து ஒட்டிக் காட்டிவிட்டார். ஊசி கண்டுபிடிக்கிற மெஷினில் விட்டால் கத்தினாலும் கத்தும் என்று, கோமளா சாப்பிடப் போன நேரத்தில் அந்த பண்டிலை அவள் டேபிளைச் சுற்றித் தானே தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

என் புருசன்! கடையில் பாக்கிச் சில்லறை தப்பாக வந்தால் மழையில் திரும்பிப் போகிற மனுசன்!

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அடுத்து பயம். வேலை போய்விட்டால்? "கம்முனு இருங்க" என்றேன். "ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டீங்கல்ல? அவரு மன்னிச்சிருப்பாரு. அத்தோட உடுங்க."

"கேட்டேன் செல்வி. தினமும் கேக்கறேன். கேக்கறப்பெல்லாம் கோமளா எங்கேன்னு கேக்கறாரு."

அப்புறம் இவரே சொன்னார். "அவரு மொகத்தைத் திருப்பிக்கலை. நீ என்ற புள்ளை இல்லைன்னும் சொல்லலை. எனக்குத்தான் மொகம் குடுத்துப் பேச முடியலை. அவரு இருக்கற ஊட்லயே ஒளிஞ்சுக்கிட்டுத் திரியற மாதிரி இருக்கு."

நவம்பர் 14, வெள்ளி

கோமளா மறுபடி வந்தாள். இவரு இல்லை. "யாரோ என்ற டேபிளைத் தாண்டிக் கொண்டுபோயிருக்கறாங்க்கா. நான் இல்லாத நேரத்துல" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. இவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று. உடனே வாய் முந்திக்கொண்டது. "உன்ற கவனக்கொறவுக்கு ஊர்ல எல்லாரையும் ஏன் சந்தேகப்படற கோமளா? கண்ணைத் தொறந்து வேலை பாத்திருக்கணும்."

அவள் என்னையே பார்த்தாள். போய்விட்டாள். எனக்குத் தெரியும், அவள் மேல் தப்பில்லையென்று. தெரிந்தேதான் சொன்னேன். என் குடும்பத்தை நான்தானே பார்க்க வேண்டும்? பார்க்க வேண்டாமா? இதை இவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இவரு ஒழுங்காகச் சாப்பிட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். ஏதோ முடிவு செய்துவிட்டார்.

நவம்பர் 19, புதன்

மொதலாளி ஆறுச்சாமியிடம் போய்ச் சொல்லிவிட்டார்! எனக்குப் போன் பண்ணி, "சொல்லிப்போட்டேன் செல்வி" என்றார். குரலில் மூச்சு வாங்குகிறது. நான் கத்தினேன், அழுதேன், போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

இவரு கம்பெனி கட்டிங் மாஸ்டர் பாண்டித்துரையை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். தெற்கத்திக்காரர், பேச்சே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். இன்றைக்கு அவரே குரலைத் தணித்துப் பேசினார்.

"எக்கா, அண்ணன் மொதலாளி ரூம்ல சொன்னதோட விட்டிருக்கலாம்லா? மொதலாளியும் அப்படித்தான் சொன்னாவ. 'எனக்குச் சொல்லிட்டே தங்கராசு, போதும், நான் அந்தப் புள்ளையைக் கூப்பிட்டுக்கறேன்'னு. அண்ணன் கேக்கல. 'அவளை எல்லார் முன்னாலயும் பேசுனீங்க. அதனால நானும் எல்லார் முன்னாலயும்தான் சொல்லணுமுங்க'ன்னுட்டாவ. இன்னைக்குக் காலையில மெஷின் ஓடுறதுக்கு முந்தி எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னாவ. ஊசிய எப்படி ஒட்டுனேன், பண்டிலை எந்தப் பக்கமாத் தூக்கிட்டுப் போனேன், ஒண்ணு விடல. வண்டி நின்னுச்சு, அவசரம்னு ஒரு சாக்கும் சொல்லல. எனக்குக் கண்ணு கலங்கிட்டுக்கா."

நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸையும் விட்டேன். இந்த மனுசனை நேற்று போனில் என்னென்னவோ திட்டியிருக்கிறேன்.

நவம்பர் 21, வெள்ளி

சூப்பர்வைசர் வேலை போயிற்று. "இஷ்டமிருந்தா டெய்லரா உக்காரு" என்றாராம் ஆறுச்சாமி. உட்கார்ந்துவிட்டார். அதே லைனில், அவரு வேலை சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குப் பக்கத்து மெஷினில். புதுசா வந்த சூப்பர்வைசர் பையன் ஆர்வக்கோளாறில் "ஊசியைப் பாத்துப் போடுங்ணா" என்றானாம். இவரு "சரிங்க" என்றாராம். இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்கிறார். நானாக இருந்தால் அந்தப் பையன் காதைத் திருகியிருப்பேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கோமளா வேலைக்குப் போகிறாள். இவரு நேற்று அவள் ஊட்டுக்குப் போயிருக்கிறார். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டாளாம். "உங்களைச் சாமி மாதிரி நெனச்சனுங்ணா. உங்ககிட்டயே வந்து ஜெபம் பண்ணச் சொன்னனே, அப்ப ஏனுங்க சொல்லலை?" அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

"அவ மன்னிக்கலைன்னா?" என்றேன்.

"அது அவ இஷ்டம் செல்வி. அவ கடன்பட்டவ இல்லை. நான் போகவேண்டிய எடத்துக்குப் போயிட்டு வந்தேன்." சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய், "ஆண்டவரே, கோமளா கதவைச் சாத்திட்டா. அவமேல தப்பில்லீங்க. தேஜஸ்ரீயை நல்லாப் படிக்க வெய்யுங்க" என்று பேசிக்கொண்டிருந்தார். நெடுநாளாய் அடைத்துக் கிடந்த குழாயில் தண்ணி வந்த மாதிரி இருந்தது எனக்கு. அடுப்படியில் நின்று அழுதேன்.

இந்த மனுசனுக்கு வாழ்க்கைப்படுகிற அளவுக்கு நான் எந்தப் புண்ணியமும் பண்ணவில்லை.

நவம்பர் 27, வியாழன்

கம்பெனி வேனில் இருந்து இறங்கிய கோமளா என்னைப் பார்த்ததும் தெருவின் எதிர்ச் சாரிக்குப் போய்விட்டாள். இவரிடமாவது நின்று பேசினாள். என்னிடம் அதுவும் இல்லை.

டிசம்பர் 3, புதன்

இவரு ஜெபம் பண்ணும்போது பக்கத்தில் உட்கார முடியவில்லை. பாத்திரம் கிடக்கிறது, துணி கிடக்கிறது என்று எந்திரித்துப் போகிறேன். எங்கே போகிறேன்? ஏன் போகிறேன்? எனக்குத் தெரியாதா என்ன!

டிசம்பர் 7, ஞாயிறு

திருவிருந்து. பாவ அறிக்கை சொல்ல எல்லாரும் முழங்கால் போட்டார்கள். நானும் போட்டேன். வாய் சொல்லிக்கொண்டே போகிறது. எனக்கு மட்டும் கோமளா அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வைதான் முன்னால் நிற்கிறது. இவரைப் பெருமையாகப் பார்த்துப் பார்த்தே என்னைப் பார்க்காமல் விட்டுவிட்டேன் போல.

எந்திரித்தேன். எல்லாரும் முழங்காலில் இருக்கிறார்கள், நான் மட்டும் வாசலைப் பார்த்து நடக்கிறேன். யார் பார்த்தால் எனக்கென்ன. பின்தெரு வரைக்கும் வேகமாகவே போனேன். நின்றால் திரும்பிவிடுவேன் என்று தெரியும்.

கோமளா கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு நீ ஊட்டுக்கு வந்தப்ப எனக்கு எல்லாம் தெரியும் கோமளா. இவரு அதுக்கு முன்னாடியே எங்கிட்டச் சொல்லிட்டாரு. உம்மேல தப்பில்லைன்னு தெரிஞ்சேதான் அப்படிப் பேசினேன். இவரைக் காப்பாத்தறதுக்கு உன்னை மிதிச்சேன்."

துணியை அலசினாள், பிழிந்தாள், கொடியில் போட்டாள். அப்புறம், "அண்ணன் பண்ணுனதை விட நீங்க பேசுனதுதானுங்க்கா வலிச்சுது. ராத்திரியெல்லாம் நெசமாவே நாந்தான் பாக்காம உட்டுட்டனோன்னு இருந்துச்சு" என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். "கோவம் இன்னும் இருக்குதுங்க" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். "உள்ள வந்து உக்காருங்க்கா. வெயில்ல ஏன் நிக்கறீங்க?"

கோயிலுக்குத் திரும்பும்போது எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் திருவிருந்து இனி அடுத்த மாதம்தான். இவரு மட்டும் வாசலில், வெறுங்காலோடு, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க போன செல்வி?"

"கோமளா ஊட்டுக்கு."

இவரு முகம் மாறிப்போயிற்று. எதற்கு என்று கேட்கவில்லை. "என்ன சொன்னா?" என்றார்.

"டீ வெச்சுக் குடுத்தாளுங்க."

நடு வாசலில், ஆயர் பார்க்க, சனம் பார்க்க, சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டார்.